எழுதுகிறவர் மனசு: கேள்வி பதில்

கேள்வி: பகலெல்லாம் ஆபீஸ். ராத்திரி உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்கு எழுத்து வராதோ?

பதில்: வரும். களைத்த நேரத்தில் உட்காருகிறீர்கள், அவ்வளவுதான். காலையில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்துங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் வழக்கம் அது. எல்லாம் தீர்ந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் வெறும் தாளைப் பார்த்தே பயம் வந்துவிடும்.

கேள்வி: கதையில் அம்மாவின் சாவை எழுதத் தொடங்கினேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. விட்டுவிடவா?

பதில்: கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள். துக்கத்தை எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். உடனே ஆகாது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு ஒன்று 1986-இல் வெளிவந்தது. மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிஷம், மனசை வதைத்த சம்பவங்களை எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்கள் முன்னைவிட வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் நடந்ததோடு தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைவு. மறுபடி எடுக்கும்போது நீங்களும் கால் மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள்.

இன்னொன்று. "அவள் உடைந்து போனாள்" என்று எழுதினால் பாரம் முழுக்க உங்கள் தலையில், படிப்பவருக்கோ எதுவும் எட்டாது. "ரசத்துக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டாள்" என்று எழுதிப் பாருங்கள். கண் அடுப்படிக்குப் போய்விடும், அழுகை ஓரடி பின்வாங்கும். அப்படியும் தூக்கம் வரவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். எழுத்து மருந்தில்லை.

கேள்வி: வீட்டில் பிடிக்கவில்லை. புனைபெயரில் எழுதலாமா?

பதில்: தாராளமாக. துவரங்குறிச்சியில் வீட்டார் கண்ணில் படாமல் எழுதிய கவிஞர் சல்மாவின் பெயரே புனைபெயர்தான். அவர் கவிதைகளை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க அம்மா இருந்தார். உங்களுக்கும் நம்பிக் காட்ட ஒருவர் வேண்டும். ஒளித்து எழுதுவதைத் தனியாகச் சுமக்க முடியாது.

கேள்வி: எழுதியதற்காக ஊரே எதிர்த்தால்?

பதில்: பேனா ஓடாது, அது இயல்பு. தன் நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்தார் நாவலாசிரியர் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த இடைவெளியிலும் கவிதை எழுதியிருக்கிறார். வெளியிடாமல் எழுதலாம், அதுவும் எழுத்துதான்.

கேள்வி: காசு வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. வேலையை விடாதீர்கள்.

கேள்வி: பிறகு என்னதான் கிடைக்கிறது?

பதில்: பார்வை. பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் செருகுவதைக் கண் தானாகப் பிடிக்கும். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. பிடிக்காதவரையும் அவர் பக்கம் நின்று எழுதியாக வேண்டும். ஒரு வட்டிக்காரரைக் கதையில் வைத்தேன். தவணை கேட்டு வாசலில் நிற்கிறபோது, உள்ளே வரச் சொல்வார்களா, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவருக்கும் ஒரு தயக்கம் இருக்குமே என்று தோன்றியது. அதற்குப் பிறகு வட்டிக்காரர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெறுக்க என்னால் முடியவில்லை. இதற்காகவே இன்னமும் எழுதுகிறேன்.