ஹார்மோன் மாத்திரையோடு பல ஆண்டுகள்: கேள்விகளும் பதில்களும்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின், ஐந்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ ஹார்மோன் மாத்திரை உட்கொள்ளும் பெண்களைத் தொடர் கவனிப்புப் பிரிவில் செவிலியராக இருந்து பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதுகிறேன். மாத்திரையை மாற்றுவதும் இடைநிறுத்துவதும் உங்களைப் பரிசோதித்த மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: சிஸ்டர், லெட்ரோசோல் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. படியிறங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இந்த மாத்திரை உட்கொள்ளும் ஏராளமான பெண்கள் இதே வார்த்தைகளில்தான் சொல்கிறார்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றும் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதையே தடுப்பவை; அந்தக் குறைவு மூட்டுகளில் தெரியும். இரண்டு கைகளிலும் இரண்டு முழங்கால்களிலும் ஒருசேர வலிப்பது, காலையில் இறுகியிருந்து நடமாடத் தொடங்கியதும் இளகுவது, முதல் சில மாதங்களில் தலைகாட்டுவது ஆகியவை மாத்திரையால் வரும் வலியின் அடையாளங்கள். ஓரிடத்தில் மட்டும் நின்று, இரவிலும் ஓய்விலும் குறையாமல், வாரத்திற்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலி வேறு வகை. அதை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வலி முதல் வகை போலத் தோன்றினாலும், ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் மனம் அமைதியாகும்.

இந்த வலிக்கு உடற்பயிற்சியே நல்ல மருந்து என்று சொன்னால், வலிக்கிற கால்களை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்று கோபம் வரும். ஆனாலும், வாரத்திற்கு 150 நிமிட வேக நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஓராண்டு தொடர்ந்த பெண்களுக்கு மூட்டு வலி குறைந்தது என்று முறையான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. முதல் நாளே 30 நிமிடம் நடக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்திற்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். முதல் சில வாரங்கள்தாம் கடினம். காலையில் வெதுவெதுப்பான நீரில் கைகளை அமிழ்த்தி விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் இறுக்கம் விரைவில் விலகும்.

அதற்கும் அடங்காவிட்டால் துலோக்செட்டின் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. அக்குபங்சரும் ஆய்வில் பயன் தந்திருக்கிறது. இவையும் போதாதபோது மருத்துவர்கள் இரண்டு மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்து, வலி தணிந்ததும் அதே வகையில் வேறொன்றைத் தொடங்குவதுண்டு. லெட்ரோசோலைத் தாங்க முடியாத பலர் எக்ஸெமெஸ்டேனை ஆண்டுக்கணக்கில் சிரமமின்றி உட்கொள்கிறார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போனால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதற்கான சிகிச்சை வேறு.

கேள்வி: மூன்று மாதமாக நான் மாத்திரையே போடவில்லை. மருத்துவர் கேட்டால் போடுவதாகச் சொல்கிறேன். திட்டுவாரோ என்று தயக்கம்.

ஒரு பெண் என் மேசைமேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படாத ஏழு அட்டைகள் விழுந்தன. ஒவ்வொரு மாதமும் தவறாமல் வாங்கியிருக்கிறார். வீட்டில் எவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. ஏழு மாதங்கள் அவர் தனியே சுமந்த அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவருக்கு இருந்த தொல்லை இரவு வியர்வை மட்டுமே. அதற்கு மருந்து இருந்தது, அவர் சொல்லவில்லை, நாங்களும் சரியாகக் கேட்கவில்லை. தவறு எங்கள் பக்கமும் இருந்தது.

ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் கட்டிகளில், தமொக்சிஃபென் என்ற மற்றொரு ஹார்மோன் மாத்திரையை ஐந்து ஆண்டு உட்கொண்டவர்களிடம் முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வளவு பெரிய பயனைச் சொல்லாமல் கைவிட வேண்டாம். அடுத்த சந்திப்பில், "மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன், இன்ன தொல்லையால்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். நீங்கள் மாத்திரையை உட்கொள்வதாக எண்ணி மருத்துவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பிழையாகிவிடும். இடையில் விட்டதை மீண்டும் தொடங்கலாம், காலம் கடந்துவிடவில்லை.

கேள்வி: தமொக்சிஃபென் உட்கொள்கிறேன். இரவில் நான்கைந்து முறை உடல் கொதித்து, உடை நனைந்து விழித்துக்கொள்கிறேன். மனச்சோர்வுக்காகப் பராக்செட்டினும் போடுகிறேன்.

கடைசி வாக்கியத்தை இன்றே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் தமொக்சிஃபெனை வீரியமுள்ள வடிவமாக மாற்றுகிறது. பராக்செட்டினும் ஃப்ளுவாக்செட்டினும் அந்த நொதியை வலுவாகத் தடுக்கின்றன. நீங்களாக நிறுத்தக் கூடாது, திடீரென விட்டால் வேறு தொல்லை வரும். வென்லாஃபாக்சின் போன்ற ஒன்றுக்குப் படிப்படியாக மாற்ற முடியும். அது அந்த நொதியை அவ்வளவாகத் தொடாது, கொதிப்பையும் தணிக்கும். ஒரே மாற்றத்தில் இரண்டு தொல்லையும் குறைய வாய்ப்பு உண்டு.

இரவுக் கொதிப்புக்குப் படுக்கும் முன் காபாபென்டின், சிறிய அளவில் ஆக்சிபியூட்டினின் ஆகியவையும் தரப்படுகின்றன. பின்னது வாயை உலர்த்தும், முதியவர்களுக்கு அவ்வளவாக உகந்ததன்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சியும், கொதிப்பின் எண்ணிக்கையைவிட அது தரும் அவதியைக் குறைக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்குத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் உங்களுக்கு வேண்டாம். மூலிகை என்று சொல்லி விற்கப்படுவதையும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. அனஸ்ட்ரசோல் தொடங்கப் போகிறார்கள். எலும்பு தேயும் என்கிறார்களே, முன்கூட்டியே என்ன செய்யலாம்?

தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட வேண்டும். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். அடர்த்தி குறைந்திருந்தால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாப் ஊசியோ பரிந்துரைக்கப்படும். இவற்றுக்கு முன் பல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், தாடை எலும்பில் அரிதாகப் புண் ஆறாமல் போவதுண்டு. டெனோசுமாப் ஊசி தொடங்கினால் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதைத் தள்ளிப்போட்டாலோ, மாற்று மருந்து இல்லாமல் விட்டுவிட்டாலோ, எலும்பு வேகமாகத் தேய்ந்து முதுகெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: தமொக்சிஃபென் கர்ப்பப்பைப் புற்றுநோயைத் தருமாமே? ஒரு நோயை விரட்டி இன்னொன்றை வாங்குவதா?

மாதவிடாய் நின்ற பெண்களில், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது, இம்மாத்திரையால் ஏறக்குறைய இருவருக்கு வருகிறது. இளம்பெண்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அறிகுறி எதுவும் இல்லாதவர்க்கு ஆண்டுதோறும் கர்ப்பப்பை ஸ்கேன் தேவையில்லை. அது வீண் பயத்தையே தருகிறது என்பதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஆனால் மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதே வாரத்தில் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், அன்றே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். இம்மாத்திரையால் வரும் இரத்த உறைவாக இருக்கலாம்.

கேள்வி: இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உறவின்போது எரிச்சலும் வலியும் தாங்க முடியவில்லை. கணவரை விட்டு விலகியே படுக்கிறேன்.

கூச்சப்பட வேண்டாம், சகோதரி. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறள்கிறது. இது உங்கள் அன்பின் குறை அல்ல என்பதைக் கணவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஹார்மோன் கலக்காத ஈரப்பதமூட்டும் ஜெல்லை வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகத்துக்குப் பூசுவதைப் போலத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். உறவின்போது அதற்கென உள்ள வழவழப்பு ஜெல் தனி. நுழைவாயிலில் எரிச்சல் இருந்தால் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் திரவத்தைச் சில நிமிடம் முன்பு வைப்பது பலருக்கு உதவுகிறது. ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் புற்றுநோய் மருத்துவருடன் கலந்து பேசாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: வயது 34. குழந்தை வேண்டும். ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு சிகிச்சை எடுத்தபின், இரண்டு ஆண்டு வரை மாத்திரையை நிறுத்திக் கருத்தரித்த பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலப் பின்தொடர்தல் இன்னும் தேவை. நிறுத்தியபின் குறைந்தது மூன்று மாதம் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும். அதுவரை, மாதவிடாய் வராவிட்டாலும் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு கட்டாயம், ஏனெனில் தமொக்சிஃபென் கருவைப் பாதிக்கும்.

கேள்வி: ஒரு நாள் மறந்துவிட்டால்?

அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரட்டிப்பாக வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் ஐந்து ஆண்டு முடிகிறது. தொடரச் சொல்கிறார்கள். எனக்குக் களைத்துவிட்டது.

இந்தக் களைப்பை மருத்துவர் முன் அப்படியே வையுங்கள். அதுவும் முடிவில் சேர வேண்டிய செய்திதான். தமொக்சிஃபெனைப் பத்து ஆண்டு தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அந்தப் பயன் பெரும்பாலும் பத்தாம் ஆண்டுக்குப் பின்னரே தெரிந்தது. ஐந்து ஆண்டு முடித்த பெண்களுக்கு அனஸ்ட்ரசோலை மேலும் இரண்டு ஆண்டு கொடுத்ததற்கும் ஐந்து ஆண்டு கொடுத்ததற்கும் இடையே 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில் பயனில் வேறுபாடு இல்லை, எலும்பு முறிவு மட்டும் நீண்ட காலம் உட்கொண்டவர்களிடம் கூடியது. எனவே நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா, கட்டி எவ்வளவு பெரியது, உங்கள் எலும்பு இன்று எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டு, "எனக்கு மட்டும் இதில் எவ்வளவு பயன்?" என்று எண்ணிக்கையில் விடை வாங்குங்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு ஆண்டு முடியுமா, இப்போதே போதுமா என்று நீங்களும் அவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்.