சூடான பாத்திரத்தைத் தொட்டால் வலி தெரிவதற்கு முன்பே கை விலகுவது ஏன்?

இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். யோசித்து முடிவெடுக்காமல் உடல் தானாகச் செய்யும் அசைவு அது.

விரல்தோலின் நரம்பு முனை சூட்டை உணர்ந்ததும், செய்தி கை வழியே தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே இடைநரம்பு ஒன்று அதை வாங்கி இயக்க நரம்பிடம் ஒப்படைக்கிறது. முழங்கையை மடக்கும் தசை சுருங்க, நீட்டும் தசை அதே நேரத்தில் தளர்கிறது (இரண்டும் சேர்ந்து இறுகினால் கை நகரவே நகராது). மூளைக்கும் செய்தி போகிறது. ஆனால் அந்தப் பாதை நீளம், கைமாறும் இடங்களும் அதிகம்.

சுரீரென்ற முதல் வலியை மயலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை கொண்ட நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கடத்துகின்றன. உறையில்லாத இழைகளுக்கு வேகம் நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். கையை எடுத்த பிறகு காந்தல் மெல்லத் தொடங்குவது அதனால்தான்.

மின்கசிவு வந்ததும் டிரிப்பர் தானாக விழுகிறதே, அதுபோலத்தான். வீட்டுக்காரருக்கு விஷயம் பிறகுதான் தெரியும்.

அனிச்சைச் செயலில் மூளைக்கு அதிகாரமே இல்லை என்று பலர் நினைப்பது தவறு. கொதிக்கும் பாத்திரத்தைக் கீழே போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை கொண்டுபோய் வைக்க முடிகிறதே, மூளை தண்டுவடத்தை அடக்கிப் பிடிப்பதால்தான்.