லேசர் சத்திரசிகிச்சைக்கு உங்கள் கண் இடம் கொடுக்குமா?

மைனஸ் 6 பவருள்ள 24 வயதுக்காரருக்கு லேசர் சத்திரசிகிச்சை பாதுகாப்பானதா, அதன்பின் கண்ணாடியே தேவைப்படாதா, இதற்காகத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வருவது பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலையைச் சேர்ந்தவள்தான். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் இதைச் செய்துகொண்டேன். என்னோடு பரிசோதனைக்கு வந்த தம்பிக்கோ செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே, உங்கள் கண் இதற்கு இடம் கொடுக்குமா என்பதைத்தான் நீங்கள் முதலில் அறிய வேண்டும் என்பேன்.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் விழிவெண்படலமே (கோர்னியா) செய்கிறது. மிகுதியை உள்ளே இருக்கும் வில்லை பார்த்துக்கொள்கிறது. குறும்பார்வை உள்ளவரின் விழிக்கோளம் பெரும்பாலும் சற்று நீண்டிருப்பதால் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. லேசர் அந்த நீளத்தைத் தொடுவதில்லை. விழிவெண்படலத்தின் நடுப்பகுதியைத் தட்டையாக்கி, விம்பம் விழித்திரையில் விழும்படி செய்கிறது. எனவே கண்ணாடி போனாலும், நீண்ட விழிக்கு உரிய விழித்திரைக் கழல்வு அபாயம் அப்படியே இருக்கும். உங்கள் பவருக்கு, பின்னரும் விழித்திரையைக் காலத்துக்குக் காலம் காட்டத்தான் வேண்டும்.

இதற்குப் பயன்படும் எக்சைமர் லேசர் 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர். அது சுற்றியுள்ள இழையத்தைச் சுடாமல், மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து மிக மெல்லிய படையை மட்டும் அகற்றும் என்பதை 1981இல் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். நம்மவர் ஒருவரின் பெயர் இதில் இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். விழிவெண்படலத்தின் நடுத் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோன் வரை சீவ வேண்டும் என்பதால், மைனஸ் 6க்கு 90 வரை போகலாம். லேசிக் முறையில், லேசர் படுவதற்காகப் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மூடிபோல் வெட்டித் திறப்பார்கள். அந்த மூடிக்கு இன்னும் 110 அளவில் கழியும். மிஞ்சுவது 340. அடியில் 250க்குக் குறையவே கூடாது, 300 இருப்பது நல்லது என்று பல வைத்தியர்கள் கருதுவதால், இது ஏற்கத்தக்கது. ஆனால் 480 மைக்ரோனே உள்ள ஒருவருக்கு அதே பவரில் 280தான் மிஞ்சும். இருவரும் ஒரே கண்ணாடியைப் போட்டிருப்பார்கள். ஒருவருக்கு ஆம் என்றும் மற்றவருக்கு யோசிக்க வேண்டும் என்றும் பதில் வருவது இதனால்தான்.

தம்பியின் சிக்கல் தடிப்போடு நிற்கவில்லை. விழிவெண்படலத்தின் வளைவை நிறங்களாகக் காட்டும் வரைபடத்தில், அவனுடைய இரு கண்களிலும் கீழ்ப்பகுதி மட்டும், வளைவு கூடியதைக் குறிக்கும் சிவப்பில் தெரிந்தது. அலர்ஜியால் எந்நேரமும் கண்ணைக் கசக்குவான். படலத்தின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததற்குக் கொடுக்கும் சிலிண்டர் பவரும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தது. விழிவெண்படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோயின் தொடக்கம் அது. அத்தகைய கண்ணை மேலும் சீவினால் புடைப்பு விரைந்து பார்வையே கெட்டுவிடும். அவனுக்கு றைபோபிளேவின் (விற்றமின் பி2) சொட்டு விட்டு, புறஊதா ஒளியால் படலத்தை இறுக்கும் சிகிச்சையைத்தான் செய்தார்கள். இந்த வரைபடத்தை எடுக்காமல், பவரை மட்டும் பார்த்துத் திகதி குறித்துத் தருகிறவர்களிடம் போகாதீர்கள்.

சத்திரசிகிச்சை சில நிமிட வேலைதான். சொட்டு மருந்தால் கண் மரத்திருக்கும். உறிஞ்சிப் பிடிக்கும் வளையத்தை வைத்தபோது பார்வை சிறிது நேரம் இருண்டது. லேசர் தட்டும் சத்தத்தோடு மயிர் பொசுங்குவது போன்ற மணமும் வந்தது. மூடியில்லாத பிஆர்கே முறையில் மேற்றோலை அகற்றுவதால் முதல் சில நாட்கள் நோவு அதிகம், தெளிவும் மெதுவாகவே வரும். ஆனாலும் படலம் சற்று மெல்லியவர்களுக்கும், அடிபடக்கூடிய விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் அதையே பரிந்துரைப்பதுண்டு.

பின்விளைவுகளில் நம் ஊருக்குப் பொருந்துவது கண் உலர்வு. மூடியைத் திறக்கும்போது நுண்நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்களுக்குக் கண்ணீர் குறைந்திருக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது பெருந்தொல்லை என்பதால், முடிந்தால் அக்காலத்தைத் தவிர்த்துத் திகதி கேளுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடலில் குளிப்பதைச் சில வாரங்களுக்கு மறந்துவிட வேண்டும். இரவில் வாகன விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் உண்டு. பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு நிலைத்துவிடும்.

குறைந்தது ஓராண்டாகப் பவர் மாறாமல் இருந்தால் மட்டும் கொழும்புப் பயணத்தை யோசியுங்கள். கொன்டாக்ட் லென்ஸ் அணிபவராயின், அதைப் பரிசோதனைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தாவிட்டால் அளவுகள் பிழைக்கும். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். அப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முந்திய வளைவு, தடிப்பு, பவர் அளவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முதுமையில் வெண்புரைக்காக வில்லை மாற்றும்போது, சீவிய படலத்தில் வழக்கமான கணக்கு பிழைத்துவிடும் என்பதால் வைத்தியர் அந்தத் தாளைக் கேட்பார்.