லித்தியம் சாப்பிடுபவர் வீட்டாருக்கு: சிஸ்டரிடம் கேளுங்கள்

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு இருமுனை மனநோய்க்கு (பைபோலார்) லித்தியம் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். டம்ளர் பிடித்தால் விரல் நடுங்குகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் வழக்கமாக வருவதுதான். டாக்டர் டோஸைக் குறைப்பார், இல்லையென்றால் ப்ரொப்ரனோலால் சேர்ப்பார். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காபி நடுக்கத்தைக் கூட்டும். அதற்காக ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், மெதுவாகக் குறையுங்கள். கை முழுக்க உதறுவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க, காலை மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போகலாமா?

பதில்: கூடாது. இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம், அதன் பிறகே மாத்திரை. தொடர் சிகிச்சையில் அந்த அளவைப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் (mmol/L) வரை வைத்திருப்பார்கள். 1.5 தாண்டினால் ஆபத்து. வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே நச்சு அறிகுறி வரலாம்.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்?

பதில்: வேண்டாம். சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதை அது குறைக்கும். பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் உடம்புவலி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபெனோ அசெக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி: பல்வலிக்கு இபுப்ரோஃபென்?

பதில்: மேலே.

கேள்வி: அம்மாவுக்கு பி.பி.யும் உண்டு. உப்பில்லாமல் சமைக்கிறோம்.

பதில்: உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடிக்கும். பி.பி. மாத்திரை டெல்மிசார்டன், எனலாபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்றால் அதுவும் லித்தியத்தை ஏற்றும்.

கேள்வி: அப்படியானால் உப்பைக் கூட்டினால் நச்சே வராதே? எங்கள் வீட்டில் ஊறுகாயை அள்ளி வைக்கிறோம்.

பதில்: லித்தியம் இறங்கும், நோய் திரும்பும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினமும் ஒரே அளவு.

கேள்வி: உப்பைக் குறைத்து யாருக்கு என்ன ஆனது? பயமுறுத்தாதீர்கள்.

பதில்: அமெரிக்காவில் 1940களின் இறுதியில், உப்பு தவிர்க்க வேண்டிய இதயநோயாளிகளுக்கு லித்தியம் குளோரைடையே மாற்று உப்பாக விற்றார்கள். சிலர் இறந்த பிறகு 1949இல் அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சித்திரை வெயிலில் வேலை, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், பேதி எல்லாவற்றிலும் உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்து லித்தியம் ஏறும், இதே கணக்குதான்.

கேள்வி: மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக்?

பதில்: டைக்ளோஃபெனாக் குடும்பம். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், அம்மா.

கேள்வி: லித்தியம் போலவே மனநிலையைச் சீராக்கும் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறேன், குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

பதில்: கருவைப் பாதிக்கும் மருந்து. கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ராத்திரி மாத்திரை மறந்துவிட்டது. காலையில் இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடாது. வழக்கமான வேளைக்கு வழக்கமான அளவு மட்டும்.

கேள்வி: தலைவலிக்கு நாப்ராக்சன்?

பதில்: பாராசிட்டமால்!