எழுதியது எங்கே போச்சு? சி மொழி கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சி புரோகிராமிலிருந்து எழுத்தைத் திரைக்கோ கோப்புக்கோ அனுப்பும் ஃபங்ஷன்கள் பற்றித்தான்.

பென்னாகரம் மாணவர்: புட்ஸ், எஃப்புட்ஸ் இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லை தம்பி. புட்ஸ் திரைக்கான ஸ்ட்ரீமுக்கு (எழுத்து போகும் பாதைக்கு) மட்டும் எழுதும், முடிவில் தானாகப் புது வரி போடும். எஃப்புட்ஸ் கொடுத்ததை அப்படியே எழுதும். எந்த ஸ்ட்ரீம் என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். வடிவமைத்து எழுதும் எஃப்பிரிண்ட்எஃப்பிலோ அது முதலில் வரும். இதில் நானே இன்னும் தடுமாறுவேன்.

ஓசூர் வாசகர்: மெஷின் லாக், திரையில் வரிக்கு வரி வருகிறது. அதையே கோப்புக்குத் திருப்பிவிட்டேன். புரோகிராம் பாதியில் கிராஷ் ஆனது, கோப்பு காலி!

ஆள் நிரம்பினால்தான் ஷேர் ஆட்டோ கிளம்பும் இல்லையா, அந்தக் கதைதான். நீங்கள் எழுதுவது முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் ஏறி உட்காருகிறது. திரை என்றால் பொதுவாகப் புது வரி வந்ததும் கிளம்பிவிடும். கோப்பு என்றால் பஃபர் நிரம்ப வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் 4096 பைட். நடுவில் கிராஷ் ஆனால் உள்ளே இருந்தது அத்தனையும் போச்சு. முக்கியமான வரிக்குப் பின், பஃபரில் இருப்பதை உடனே அனுப்பிவிடும் எஃப்ஃப்ளஷ் போடுங்கள். பிழைச் செய்திகளை அவற்றுக்கென்றே உள்ள ஸ்ட்ரீமான எஸ்டிடிஎர் பக்கம் அனுப்புங்கள், அது காத்திருக்காது.

காரிமங்கலம் மாணவி: புட்சார் வைத்து 'த' எழுதினால் குப்பையாக வருகிறதே?

புட்சார் ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எழுதும். எழுத்துகளை பைட்டுகளாக மாற்றி வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'த' மூன்று பைட். 'தர்மபுரி' என்று எழுதிப் பாரும்மா: கண்ணுக்கு ஐந்து எழுத்து, புள்ளி, உகரம், இகரம் தனித்தனி என்பதால் உள்ளே எட்டுக் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். பைட்டை எண்ணும் ஸ்டிர்லென் 24 என்று சொல்லும். தமிழைச் சரமாகவே எஃப்புட்ஸில் கொடுத்துவிடு.

பாலக்கோடு: பயனர் தட்டிய பெயரை நேராக பிரிண்ட்எஃப்பில் கொடுக்கலாமா?

வேண்டாம். அதில் ஒரு % இருந்தால் வம்பு, பிரிண்ட்எஃப் அதைத் தனக்கான வடிவமைப்புக் குறி என்று எடுத்துக்கொள்ளும்.

காவேரிப்பட்டணம்: மாங்காய் மண்டி எடைக் கணக்கு எழுதுகிறேன். நேற்றைய கணக்கைக் காணோம்.

கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனில் 'டபிள்யூ' போட்டிருப்பீர்கள், அது திறக்கும்போதே பழையதைத் துடைத்துவிடும். 'ஏ' போடுங்கள், பழையதன் முடிவில் சேர்த்து எழுதும். நானும் ஒரு மாத வரவு செலவை இப்படித் தொலைத்தவன்தான். அப்புறம், கோப்பை மூடும் எஃப்க்ளோஸ், தவறு நடந்ததற்கு அடையாளமான ஈஓஎஃப் தருகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தாலும் எஃப்புட்ஸ் சரி என்றே சொல்லக்கூடும். பஃபரைக் காலி செய்யும்போதுதான் குட்டு உடையும்.