ஒரே மாமன், ரெண்டு மகன்கள்

கேள்வி: "ஒருவர் மேல் ஆசை வருவதும் வராததும் உடம்பின் வேலையா, வளர்ப்பின் வேலையா? கூடவே வளர்ந்த மாமன் மகளைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அவளைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோளாறு எதுவும் இல்லை தம்பி. சேலத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் இருபது வயதில் நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் வீடு அம்மாபேட்டையில், தறி ஓடும் தெரு. மாமா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. அத்தை இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய், மூத்தவனை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவனுக்கு மூன்று வயது, எனக்கு இரண்டு. அதன் பிறகு அவன் மலைக்குத் திரும்பவே இல்லை. ஒரே தட்டில் சோறு, ஒரே தொட்டித் தண்ணீரில் குளியல். அவனுக்கு அம்மை போட்டு, அடுத்து எனக்கும் போட்டு, இரண்டு பேரையும் ஒரே பாயில் வேப்பிலை மேல் படுக்க வைத்திருந்தார்கள். நான் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாயி ஒவ்வொரு தடவையும் திருத்தும்: "அண்ணான்னு கூப்பிடாதடி, அவன் உனக்கு மொறை. மாமான்னு கூப்பிடு."

இருபது வயதில் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். நல்ல பையன், வேலைக்குப் போகிறான், சொந்தம் விட்டுப் போகாது. எனக்கோ நினைத்தாலே வயிற்றைப் புரட்டியது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவனே என் முகத்தைப் பார்க்காமல், "என்னால முடியாது. நீயாச்சும் வீட்ல சொல்லு" என்றான்.

அவனுடைய தம்பி மலையிலேயே வளர்ந்தவன். பொங்கலுக்கும் முழுப்பரீட்சை லீவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, தோளில் பலாப்பழத்தோடு வருவான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் தங்கை தாவணியைச் சரிசெய்துகொள்வாள். இரண்டு பேரும் விரும்பித்தான் கட்டிக்கொண்டார்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே முறை. மூத்தவன் எங்களோடு ஒரு வீட்டில் புரண்டு வளர்ந்தான், இளையவன் வளரவில்லை.

பண்பாட்டின் பலம் லேசுப்பட்டது அல்ல. சித்தப்பா மகனும் மாமன் மகனும் மரபணுக் கணக்கில் நமக்கு ஒரே தூரம்தான். சராசரியாக இருவரோடும் 12.5 சதவீதம் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் நம் ஊரில் ஒருவன் அண்ணன், அவனை வேறு மாதிரி நினைப்பதே பாவம். இன்னொருவன் பிறந்த அன்றே மாப்பிள்ளை. வட இந்தியாவில் பல சமூகங்களில் மாமன் மகளும் தங்கைதான். அரபு நாடுகளிலோ சித்தப்பா மகளை எடுப்பது காலங்காலமாக விரும்பப்படும் சம்பந்தம். என் தங்கை வயதுக்கு வந்து தெரட்டிச் சீர் செய்தபோது மாமா பச்சை ஓலையில் குச்சு கட்டினார், ஓலை எடுத்துக் கொடுத்தவன் இளையவன். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவளைக் கேலி செய்தார்கள். யாரைக் கண்டு வெட்கப்பட வேண்டும் என்பதை ஒரு பெண் இப்படித்தான் கற்றுக்கொள்கிறாள்.

அந்தப் பாடம் எனக்கும்தான் நடந்தது. என்னிடம் அது ஏன் ஏறவில்லை?

1891லேயே பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் இதைச் சொல்லியிருக்கிறார்: சிறு குழந்தையிலிருந்து நெருங்கி ஒன்றாக வளர்ந்தவர்களுக்குள் பொதுவாகக் காமம் எழாது. உடன்பிறந்தவர்கள் கலந்தால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு அதிகம். ஆனால் எதிரில் இருப்பவரின் மரபணுவை உடம்பால் படிக்க முடியாதே. அதனால் கூட வளர்ந்தவரையெல்லாம் உடன்பிறப்பாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. தைவானில் பெண் குழந்தையைத் தத்தெடுத்து, வளர்த்து, வீட்டுப் பையனுக்கே கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்தர் வூல்ஃப் என்ற மானிடவியலாளர் அந்தத் திருமணங்களை ஆராய்ந்தபோது, மற்றவற்றைவிடக் குழந்தைகள் குறைவாகவும் மணமுறிவு அதிகமாகவும் இருந்தன. இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் குழுவாக வளர்த்தார்கள். அங்கே வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களில், முதல் ஆறு வயதையும் ஒரே குழுவில் முழுசாகக் கழித்த ஒரு ஜோடிகூட இல்லை. பின்னாளில் அங்கே வளர்ந்தவர்களிடம் பேசியபோது சிலர் ஈர்ப்பு இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. ஆனாலும் ஊரே சேர்ந்து 'முறை' என்று சொன்னதை ஒரு தொட்டித் தண்ணீர் ஜெயித்துவிட்டது என்பதை நான் என் உடம்பில் அறிந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிரே போகிறது. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று மாமன் மகளைப் பேசினார்கள், ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். 2019இல் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். இதற்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது, சின்னச் சின்னப் பங்காகப் பல இருக்கின்றன. ஆண்களுக்குக் கூடப் பிறந்த அண்ணன்கள் அதிகமானால் தன்பால் ஈர்ப்புக்கான வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதை மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்யச் சொன்னது. அந்தப் பையன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். பேச்சு நின்றுபோன அந்த மாமன் மகளும் தப்பித்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் "பிடிக்கவில்லை" என்று சொல்லாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு அவமானமாகிவிடும். முதலில் அவளிடமே பேசுங்கள்; அவளுக்கும் இதே தவிப்பு இருக்கலாம். நான் அம்மாயியிடம், "நீதான ரெண்டு பேரையும் ஒரே மடியில போட்டு வளத்த?" என்று கேட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் வெளியில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தத்தன்று, "மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும், பொண்ணோட அண்ணன் தம்பி யாரு?" என்று கேட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்த ஆண் இல்லை. பெரியப்பா மகனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அதற்குள் பந்தலின் ஓரத்திலிருந்து அம்மாயி குரல் கொடுத்தது. "எதுக்கு அவன்? இவன் இருக்கான்ல, இவனே போடட்டும்."