தோண்டியது 1937-இல், முழு அறிக்கை வந்தது 2013-இல்: ஏன் இத்தனை காலம்?

கேள்வி ஜோர்டானில் உள்ள கிர்பத் அத்-தன்னூர் பற்றியது. வாதி அல்-ஹசா பள்ளத்தாக்கின் மேலே, ஊரே இல்லாத மலை உச்சியில் நபாத்தேயர்கள் (பெட்ரா நகரை உருவாக்கிய பண்டைய அரபு மக்கள்) கட்டிய கோயில் அது.

அகழாய்வு செய்தவர் அமெரிக்கத் தொல்லியலாளர் நெல்சன் குளூக். முதற்கட்டக் குறிப்புகளை அவர் சீக்கிரமே வெளியிட்டுவிட்டார். 1965-இல் சிற்பங்களையும் தெய்வங்களையும் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றும் எழுதினார். ஆனால் அது அகழாய்வு அறிக்கை ஆகாது. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது, பானை ஓடுகள் எந்தக் காலத்தவை, பலிபீடத்தில் எரிந்தது எந்த விலங்கின் எலும்பு என்பதையெல்லாம் முறையாகப் பதிவு செய்தால்தான் அறிக்கை. இடையில் அவருக்கு ஒரு கல்லூரியின் தலைவர் பொறுப்பு வேறு வந்து சேர்ந்தது. 1971-இல் காலமானார்.

நல்லவேளையாக, குறிப்பேடுகளும் படங்களும் பதப்படுத்தாத எலும்பு, கருகிய தானியம் போன்ற மாதிரிகளும் தப்பிப் பிழைத்தன. தொல்லியலாளர் ஜூடித் மெக்கன்சி தலைமையிலான குழு அவற்றை எடுத்து ஆராய்ந்து, இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. மண்ணை மறுபடி தோண்டாமலேயே பழைய பெட்டிகளிலிருந்து புதுத் தகவல் கிடைத்தது; எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அப்புறம், கண்டெடுத்தவை ஒரே இடத்தில் இல்லை. பாதி ஜோர்டானில், பாதி அமெரிக்காவின் சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில். ராசிச் சக்கரத்தைத் தாங்கும் நைக்கி (கிரேக்க வெற்றித் தெய்வம்) சிற்பமே இரண்டு துண்டாகி, இரண்டு நாட்டில் கிடக்கிறது!